இனாரி மலையில் குடியிருப்பது யார்? – வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், ஜப்பானில் கியோட்டோ நகரின் தென்கோடியில் இருக்கும் ஃபுஷிமி இனாரி என்ற ஷின்டோ (ஜப்பானின் பூர்வீக மதம்) கோயிலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கூடவே, மலைப்பாதை நெடுகச் சிவப்பு வாயில்கள் நிற்கும் படம் ஒன்றும் வந்திருந்தது. அதற்கு இத்தனை கடிதங்கள் வந்ததில் மனசு நிறைந்துபோயிற்று. அந்த மலைக்கு நடந்து போகும் தூரத்தில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மலைக்குப் போய்வருவது இங்கே பலருக்கு வழக்கம். எனக்கும் அது பழகிவிட்டது. புத்தகத்தில் படித்தது, எதிர்வீட்டுப் பாட்டி சொல்லித் தந்தது, இரண்டையும் சேர்த்துத்தான் பதில் எழுதுகிறேன்.

படத்தில் எங்கே பார்த்தாலும் நரிச் சிலை. ஜப்பானியர்கள் நரியையா கும்பிடுகிறார்கள்? – கும்பகோணம் வாசகி

இல்லை அம்மா. வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கோயில் வாசலில் நின்று பாட்டியிடம், "நரி சாமிக்கு என்ன படைக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். பாட்டி கோபப்படவில்லை. வாசலுக்கு இருபுறமும் உயரமான பீடத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நரிகளையும் காட்டி, "இவர்கள் வாசலில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்" என்றார்.

உள்ளே இருப்பவர் இனாரி ஓகாமி. ஐந்து தெய்வங்களைச் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. அவர்களில் முதலிடம் உகாநோமிதாமா என்ற தெய்வத்துக்கு. தானியத்துக்குள் இருக்கும் உயிர் என்று வைத்துக்கொள்ளலாம். நரி அவருடைய ஏவலாள், தூது போகிறவர். அதுவும் காட்டில் ஓடும் செந்நிற நரி இல்லை. மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை நரி. தெய்வம் எப்படிக் கண்ணுக்குத் தெரியாதோ அப்படியே அதன் தூதரும் தெரியமாட்டார் என்பது நம்பிக்கை.

அடுத்த முறை படத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு நரியின் வாயிலும் ஏதாவது ஒன்று இருக்கும். சாவி, உருண்டை மணி, நெற்கதிர், சுருட்டிய ஓலை போன்ற ஏடு, இந்த நான்கில் ஒன்று. சாவி நெற்களஞ்சியத்தினுடையது. உருண்டை, தெய்வத்தின் அருள் குடியிருக்கும் மணி. பழைய எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், வாணவேடிக்கைக்குப் பேர்போன இரண்டு கடைகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'மணிக்கடை', மற்றது 'சாவிக்கடை'. இந்த இரண்டு நரிகளிடமிருந்து வந்த பெயர்கள் அவை.

நரி எப்படித் தூதரானது என்பதற்கு ஒரு கதை உண்டு. கியோட்டோவுக்கு வடக்கே ஃபுனாவோகா என்று ஒரு குன்று. அங்கே வயதான நரித் தம்பதி குடியிருந்தது. ஆண் நரியின் உடம்பு முழுக்க வெள்ளி ஊசி நட்டது போல வெள்ளை ரோமம். பெண் நரிக்கு மானின் தலை, நரியின் உடம்பு. மனசு சுத்தமாக இருந்தும் மிருகப் பிறவி எடுத்துவிட்டோமே, மனிதருக்கு ஒரு நன்மையும் செய்ய முடியவில்லையே என்ற ஏக்கத்தில், ஐந்து குட்டிகளையும் கூட்டிக்கொண்டு இனாரி மலைக்கு வந்து, "எங்களை உங்கள் சேவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று வேண்டினவாம். மலை அதிர்ந்து அனுமதி கிடைத்தது. ஆண் நரி மேல்கோயிலுக்கு, பெண் நரி கீழ்கோயிலுக்கு. பெண் நரியின் பெயர் அகோமாச்சி. கோயிலுக்குள் வெள்ளை நரிகளுக்கென்றே இன்றும் ஒரு சின்னச் சந்நிதி இருக்கிறது. பெரிய சந்நிதிக்கு வரும் கூட்டம் அங்கே வருவதில்லை. நான் அங்கே ஒரு நிமிஷம் நிற்காமல் போவதில்லை.

கோயிலைக் கட்டியது யார்? எத்தனை ஆண்டு பழையது? – மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

கோயில் மரபுப்படி 711ஆம் ஆண்டு, பிப்ரவரியில் வரும் முதல் குதிரை நாளன்று தெய்வம் மலையில் இறங்கியது. (பன்னிரண்டு மிருகங்களின் பெயரால் நாட்களை எண்ணும் பழைய கணக்கு அது.) கியோட்டோ தலைநகரானது 794இல்தான். ஆக, நகரத்தைவிடக் கோயில் மூத்தது.

கோயிலை நிறுவியது ஹாதா குலம். கொரியத் தீபகற்பத்தின் வழியாக வந்து குடியேறியவர்கள் அவர்கள். பட்டு, நெல், மது வடிப்பது எல்லாவற்றிலும் கைதேர்ந்த பணக்காரக் குடும்பம். 'ஜப்பானின் தொன்மையான கோயில்' என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டப்படும் இடத்தை எழுப்பியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். இதை நான் யாரிடமும் விடாமல் சொல்லிவருகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் இது சொல்லப்படாமலே போகிறது.

ஹாதா நோ இரோகு என்பவர் காலத்தில் நடந்ததாக ஒரு பழைய நாட்டுக்குறிப்பு சொல்கிறது. அவர் வீட்டில் நெல் மலைபோல் குவிந்திருந்தது. செல்வச் செருக்கில் ஒருநாள், பசையரிசியை இடித்துச் செய்யும் மோச்சி உருண்டையை இலக்காக வைத்து அம்பு விட்டார். அடிபட்ட மோச்சி வெள்ளைப் பறவையாகி எழுந்து மலையுச்சிக்குப் பறந்தது. அது இறங்கிய இடத்தில் நெல் விளைந்தது. 'இனே' என்றால் நெற்பயிர், 'நாரி' என்றால் விளைந்தது. இனாரி என்ற பெயர் அப்படி வந்ததாம். உண்ணும் சோற்றின் மேல் அம்பு விட்டதற்காக வருந்தி, அவருடைய சந்ததியார் கோயில் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் வீட்டில் நட்டு வழிபட்டார்கள். மரம் வேர்பிடித்தால் அருள் உண்டு; வாடிவிட்டால் இல்லை.

நெல்லை மிதித்தாலே என் அப்பா கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார் என்று எழுத வந்தேன்; அதைவிட, அந்த மரக்கதை இன்றும் நடப்பில் இருப்பதைச் சொல்வது முக்கியம். பிப்ரவரி முதல் குதிரை நாள் திருவிழாவில் சுகி என்ற ஊசியிலை மரத்தின் சிறு கொப்பைக் கொடுக்கிறார்கள். அதை வீட்டு நிலைக்கு மேலே செருகி வைத்திருக்கிறேன்.

அரசாங்க மரியாதை கிடைத்ததும் ஒரு மரத்தால்தான். 827இல் ஜுன்னா பேரரசர் நோயில் படுத்தார். தோஜி என்ற புத்தக் கோயிலின் கோபுரத்துக்காக இனாரி மலையின் மரங்களை வெட்டியதால் வந்த கோபம் இது என்று குறி சொன்னார்கள். பேரரசர் ஆளனுப்பி மன்னிப்புக் கேட்டு, தெய்வத்துக்கு ஐந்தாம் தரப் பதவி கொடுத்தார். தெய்வத்துக்கும் அங்கே அரசவைப் பதவி உண்டு. 942இல் அது முதல் தரமாக உயர்ந்தது.

பிறகு ஓனின் யுத்தம் என்ற உள்நாட்டுப் போர். 1468இல் மலையைப் பாசறையாக்கிச் சண்டையிட்டதில் கோயில்கள் மொத்தமும் சாம்பலாயின. இப்போதுள்ள மூலக்கோயில் 1499இல் எழுந்தது. முகப்பில் நிற்கும் பெரிய வாயிற்கோபுரம் ஹிதேயோஷி என்ற தளபதி, தாயின் நோய் தீர வேண்டி 1589இல் கட்டியது என்று வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். 1973இல் அதைப் பிரித்துப் பழுதுபார்த்தபோது மரத்தில் மையெழுத்து அகப்பட்டது. அதே ஆண்டுதான்.

எனக்கு 67 வயது, முழங்கால் வலி. மலை ஏற முடியுமா? – நாகர்கோவில் வாசகி

மலை உயரம் 233 மீட்டர்தான். முழுச் சுற்று நாலு கிலோமீட்டர் போல இருக்கும். நிதானமாக நடந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஆனால் பாதி தூரத்துக்கு மேல் கல்படிகள். யோத்சுத்சுஜி என்ற நாற்சந்தி வரை ஏறினால் போதும். கியோட்டோ நகரம் முழுக்கக் காலடியில் தெரியும். அங்கே உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினாலும் மலைக்குப் போன கணக்குதான்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண்மணி ஞாபகத்துக்கு வந்தார். அரசவையில் இருந்த செய் ஷோனாகோன் என்ற எழுத்தாளர் ஒரு குதிரை நாளன்று விடியற்காலையில் கிளம்பி இந்த மலையில் ஏறினார். பாதி மலைக்குள் காலை பத்து மணி ஆகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. ஏன் இந்த நாளில் வந்தோம் என்று கண்ணீரே வந்துவிட்டதாம். அப்போது நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், பயண உடைகூட இல்லை, சேலையைத் தூக்கிச் செருகுவது போல உடுப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடம், "நான் இன்றைக்கு ஏழு சுற்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று முடிந்துவிட்டது. இன்னும் நாலு ஒன்றும் பெரிதில்லை. மதியம் இரண்டு மணிக்குள் இறங்கிவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே போனாளாம். வேறு எங்கேயாவது பார்த்திருந்தால் அவளைக் கவனித்திருக்கவே மாட்டேன், அந்த நிமிஷம் அவளாகவே ஆகிவிடலாமா என்றிருந்தது என்கிறார் ஷோனாகோன்.

அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் மாதாமாதம் படியேறும்போது அவள்தான் எனக்கு முன்னால் போகிறாள்.

முழங்காலுக்கென்றே அங்கே ஒரு இடம் உண்டு. கீழே இன்னொரு பதிலில் சொல்கிறேன்.

சிவப்பு வாயில்கள் மொத்தம் எத்தனை? அரசு வைத்ததா? – கோவை, கல்லூரி மாணவர்

மலை முழுக்கச் சுமார் பத்தாயிரம். அரசு வைத்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேண்டுதல். 'தோரீ' என்பது வாயிலின் பெயர். 'தோரு' என்றால் கடந்து போவது, காரியம் கைகூடுவது. பேர் ஒலிப்பதற்கேற்ப, வேண்டியது பலிக்கவும் பலித்ததற்கு நன்றியாகவும் வாயில் நட்டுவைக்கும் பழக்கம் எடோ காலத்தில் (1603–1868) பரவியது. நகரங்கள் பெருகப் பெருக, நெல்லின் தெய்வத்திடம் வியாபாரிகளும் வந்தார்கள். இன்றைக்கு வாயில் வைப்பவர்களில் கம்பெனிகளும் கடைகளும்தான் அதிகம்.

ஏறும்போது தூண்களில் எழுத்தே தெரியாது. வெறும் செம்மண் சிவப்பு. உச்சியிலிருந்து இறங்கும்போதுதான் ஒவ்வொரு தூணிலும் கறுப்பு எழுத்து வரிசையாக வரும். ஒரு தூணில் கொடுத்தவர் பெயரும் ஊரும், மற்றதில் தேதி. மேலிருந்து பார்க்கும் தெய்வத்துக்குத் தெரியும்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாட்டி சொல்வார்.

ஒரு தடவை மழைவிட்ட காலையில், ஒரு தூணின் அடியை விரலால் அழுத்திப் பார்த்தேன். பார்வைக்குப் பளபளவென்று இருந்த வர்ணத்துக்குக் கீழே மரம் ஊறின ரொட்டி மாதிரி உள்வாங்கியது. பாதரசச் சிவப்பு மரத்தைக் காக்கும் என்பது பழங்கால அறிவு. ஆனாலும் ஈரமலையில் மண்ணுக்குள் நிற்கும் மரம் எத்தனை வருஷம் தாங்கும்? கொஞ்ச தூரத்தில் இரண்டு வாயில்கள் இருந்த இடத்தில் தூண்குழி மட்டும் இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி வேலையாட்கள் புதுத்தூணில் எழுத்துக்கு மேல் மை தீட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தாயிரம் வாயில் என்பது எண்ணி முடித்த கணக்கு இல்லை. சாய்வதும் நடுவதுமாகத்தான் அது பத்தாயிரமாக நிற்கிறது.

கட்டணம் உண்டா? எந்த நேரம் போகலாம்? – சென்னை வாசகர்

கட்டணம் இல்லை. மலை இரவும் பகலும் திறந்தே இருக்கும். காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். எட்டரைக்கு மேல் கூட்டம் நெரியும். சந்நிதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, கடைசியாக ஒரு முறை குனியுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

ஷின்டோ, பௌத்தம் இரண்டும் வேறு வேறு மதம்தானே? இந்தக் கோயிலுக்கு இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா? – தஞ்சாவூர், தமிழாசிரியை

இந்தக் கேள்விக்காக உங்களுக்குத் தனியாக நன்றி.

இரண்டும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில்தான் இருந்தன. கூக்காய் என்ற பெரும் துறவி சீனத்தில் மந்திர வழிப் பௌத்தம் படித்துத் திரும்பியவர். 823இல் அவர் பொறுப்பில் இருந்த தோஜியின் வாசலுக்கு, நெற்கட்டைச் சுமந்துகொண்டு ஒரு கிழவர் வந்தார். கூடவே இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள். கூக்காய் அவர்களை உபசரித்தார். வந்தவர் இனாரி. அன்றிலிருந்து அவர் தோஜியின் காவல் தெய்வம். இனாரி என்ற பெயரை எழுதும் இரண்டு எழுத்துக்கும் பொருள் 'நெல், சுமை' என்பதுதான். இன்றும் வசந்தத் திருவிழா முடிந்து மே 3ஆம் தேதி தெய்வம் மலைக்குத் திரும்பும்போது, பல்லக்குகள் தோஜிக்குப் போகின்றன. புத்தத் துறவிகள் வெளியே வந்து ஷின்டோ தெய்வத்துக்குப் படைக்கிறார்கள். ஒருமுறை கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். ஐந்தே நிமிஷம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த இரண்டையும் வெட்டிப் பிரித்தது 1868இல் வந்த மெய்ஜி அரசின் ஆணை. மலையடிவாரத்தில் ஐசென்ஜி என்ற புத்தமடம் இருந்தது. யுத்தத்தில் எரிந்த கோயிலைத் திருப்பிக் கட்ட ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டியவர்கள் அந்த மடத்துத் துறவிகள். ஆணை வந்ததும் அந்த மடம் அழிக்கப்பட்டது. கோயிலைக் கட்டிக் கொடுத்தவர்களுக்குக் கோயிலில் இடமில்லாமல் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இப்போது இந்தியத் தொடர்பு. கூக்காய் கொண்டுவந்த மரபில் டாகினி என்று ஒரு கூட்டம் உண்டு. சுடுகாட்டில் திரிந்து மனிதரைத் தின்னும் பெண் பேய்கள். புத்தருக்கு அடங்கிப் பின்பு காவல் தெய்வமானவை. நீங்கள் தமிழாசிரியை, உங்களுக்கு உடனே பொறி தட்டியிருக்கும். சிலப்பதிகாரத்தில் மாலதியின் கையிலிருந்து இறந்த குழந்தையை வாங்கித் தின்றுவிடும் 'இடாகினிப் பேய்' இவளேதான். புகாரின் சுடுகாட்டில் நின்றவள் ஜப்பான் போய்ச் சேர்ந்தபோது தாகினிதென் என்ற பெயரில் வெள்ளை நரிமேல் ஏறி, கையில் மணி ஏந்திய தேவியாகிவிட்டாள். இடைக்கால ஜப்பானில் இனாரியும் அவளும் ஒன்றாகவே வணங்கப்பட்டார்கள்.

நரி எப்படி அவளுக்கு வாகனமானது? இந்தியாவில் சுடுகாட்டைச் சுற்றுவது குள்ளநரி. சீனத்திலும் ஜப்பானிலும் அதை அறியாதவர்கள், அதன் இடத்தில் தங்கள் காட்டு நரியை வைத்துவிட்டார்கள். இது இரண்டும் வேறு வேறு மிருகம். தமிழிலோ இரண்டுக்குமே 'நரி' என்ற ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது. ஐச்சி மாநிலத்தில் தோயோகாவா இனாரி என்று பெயர்பெற்ற தலம், 1441இல் எழுந்த ஜென் பௌத்தக் கோயில். அங்கே இன்றும் இனாரி என்று மக்கள் கும்பிடுவது நம் இடாகினியைத்தான்.

மலையில் நாட்டுப்புற நம்பிக்கைகள் நிறைய என்று எழுதினீர்கள். விரித்துச் சொல்லக்கூடாதா? – திண்டுக்கல், புதுக்கோட்டை, ஈரோடு வாசகர்கள்

மூன்று கடிதங்களில் ஒரே கேள்வி. எனக்கும் இதைத்தான் அதிகம் பேசப் பிடிக்கும்.

யுத்தத்தில் மலைமேல் எரிந்த கோயில்களைத் திரும்பக் கட்டவேயில்லை. அந்த இடங்கள் மேடாகக் கிடந்தன. மெய்ஜி காலத்தில் பூசாரிகளின் அதிகாரம் தளர்ந்து, மலையும் அரசு வசம் போனபோது, சனங்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, தங்கள் தெய்வத்துக்குத் தாங்களே வைத்த பெயரை அதில் வெட்டி, மலையில் நட்டார்கள். அந்தக் கல்லுக்கு ஒத்சுகா என்று பெயர். தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. 1902இல் எண்ணியபோது 633 கற்கள். 1960களின் கடைசி வாக்கில் 7,762. இப்போது பத்தாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். மேல் உச்சியின் தெய்வத்தை சுயேஹிரோ என்கிறார்கள், அதாவது 'விரிந்து பரவுவது'. மூன்றாம் உச்சியில் 'வெண்செவ்வந்தி' தெய்வம். இந்தப் பெயர்களைப் பழைய ஏட்டில் தேடக் கூடாது. கும்பிட்டவர்கள் வாயில் பிறந்தவை.

எதிர்வீட்டுப் பாட்டியின் அம்மா நட்ட கல் ஒன்று இருக்கிறது. இடுப்பளவு உயரம். பின்பக்கம் பாசி. பாட்டியின் குடும்பம் டோஃபு (சோயாப் பால்கட்டி) கடை வைத்திருந்தது. மாதம் தவறாமல் ஒரு பொரித்த டோஃபுத் துண்டு, தீப்பெட்டி அளவில் ஒரு தோரீ, இரண்டு மெழுகுவத்தி. காற்றில் சுடர் அணையாமல் இரண்டு உள்ளங்கையையும் குவித்துக்கொண்டு நிற்பார். கல்லின் இருபுறமும் சின்ன நரிகள். ஒன்றுக்குக் காது உடைந்திருக்கிறது. அவற்றின் கழுத்தில் சிவப்புத் துணி. குழந்தைக்குக் கட்டும் எச்சில் துணி மாதிரியே இருக்கும். பாட்டி கையால் தைத்தது. போன வருஷம் கண் மங்கிவிட்டதால் நான் தைத்துக் கொடுத்தேன். "தையல் பெரிது பெரிதாக இருக்கிறது, பரவாயில்லை, நரிக்குத் தெரியாது" என்றார்.

இனி ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மூலை. இருமலுக்கு ஒசெக்கி சாமி. 'செக்கி' என்றால் இருமல். அந்தப் பெயர்ப் பொருத்தத்திலேயே இருமல் தெய்வமாகிவிட்டார். நேரில் வர முடியாதவர்கள் தபால் அட்டை எழுதிப் போடுகிறார்கள். ஜப்பான் முழுவதிலிருந்தும் அட்டைகள் வருகின்றன. என் மகனுக்கு ஐந்து வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க இருமல். டாக்டர் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி என்னைக் கேட்காமலே ஒரு அட்டை எழுதி, அவன் பெயரையும் வயதையும் போட்டு, "ராத்திரி இரண்டு மணிக்கு அதிகமாகிறது" என்று நேரத்தோடு எழுதியிருந்தார். எதிர்வீட்டில் அத்தனை ராத்திரியும் அவர் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அதைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இருமல் எதனால் நின்றது என்று நான் ஆராயப்போனதில்லை.

கண்ணுக்கு கான்ரிக்கி சந்நிதி. கண்நோய் தீரவும், தொழிலில் முன்னோக்கு வாய்க்கவும் வருகிறார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாகப் பாயும் நரியின் வாயிலிருந்து நீர் விழும். நாகர்கோவில் வாசகி கேட்ட முழங்காலுக்கு, வேர் மண்ணுக்கு மேல் எழும்பி வளைந்த ஒரு பழைய பைன் மரம். அந்த வேர் வளைவுக்குள் நுழைந்து வந்தால் வலி போகும் என்று நம்பிக்கை. 'வேர் எழும்புவது' என்ற ஜப்பானியச் சொல்லே 'விலை ஏறுவது' என்றும் ஒலிப்பதால், பங்குச்சந்தைக்காரர்களும் அதே மரத்தைக் கும்பிடுகிறார்கள்.

காணாமல் போனவர்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குளம் உண்டு. அதன் கரையில் நின்று கை தட்ட வேண்டும். எதிரொலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தத் திசையில் துப்பு கிடைக்கும். ஒரு தடவை நடுவயது ஆள் ஒருவர் தனியாக நின்று தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மறுபடி தட்டினார். நான் சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் தூக்கிப் பார்ப்பது வாயில் வரிசை முடியும் இடத்தில் உள்ள கல். விளக்குத்தூணின் தலையில் இருக்கும் உருண்டைக் கல் அது. மனசில் ஒன்றை நினைத்துத் தூக்க வேண்டும். நினைத்ததைவிட லேசாக இருந்தால் நடக்கும். கனத்தால் இன்னும் பாடுபட வேண்டும். எனக்கு இதுவரை கனத்தே இருந்திருக்கிறது.

நரி மனிதரைப் பிடிக்கும் என்று ஜப்பானில் நம்புவார்களாமே? – சேலம் வாசகர்

நம்பினார்கள். பித்துப் பிடித்தாலும், தீராத காய்ச்சல் கண்டாலும் 'நரி பிடித்துவிட்டது' என்று மந்திரவாதியைக் கூப்பிட்டது பல நூற்றாண்டு வழக்கம். இருமலுக்கு அட்டை எழுதும் நம்பிக்கையைச் சொன்ன அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும். ஷிமானே மாநிலத்தின் இசுமோ பகுதியில் சில குடும்பங்களை 'நரி வைத்திருக்கும் வீடு' என்று முத்திரை குத்தினார்கள். அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டு வரை அந்த விலக்கு ஓடியது. ஒரு குடும்பம் புதிதாகப் பணம் சேர்த்தால்கூட, அது நரி கொண்டுவந்து கொட்டிய பணம் என்று சொல்லிவிடுவார்களாம். ஒரு பாவமும் செய்யாத பெண்கள் அதனால் கல்யாணமாகாமல் நின்றார்கள். இந்த நம்பிக்கை ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

இனாரி சுஷி சைவமா? – பெங்களூர் வாசகி

பார்க்கச் சைவம், பெரும்பாலும் இல்லை. பொரித்த டோஃபுப் பையை இனிப்பும் சோயாவும் சேர்த்த சாற்றில் வேகவைத்து, உள்ளே புளிப்புச் சோற்றை அடைப்பார்கள். அந்தச் சாறு பெரும்பாலும் மீன் கருவாட்டில் எடுத்தது. கடையில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கியோட்டோ பக்கம் அது நரிக்காது போல முக்கோணமாக இருக்கும். டோக்கியோ பக்கம் நெல்மூட்டை போல நீளவாக்கில் இருக்கும். ஆதியில் நரிக்குப் பொரித்த எலியை வைத்தார்கள், உயிர்க்கொலை கூடாதென்று டோஃபு வந்தது என்பார்கள். கோயில் தெருவில் சிட்டுக்குருவியைச் சுட்டு விற்பார்கள். நெல்லைத் தின்னும் குருவி என்பதால் வந்த பழக்கம். என்னால் அதன் பக்கத்தில்கூடப் போக முடிவதில்லை. அதே தெருவில், மடிப்புக்குள் குறிச்சீட்டு வைத்த பிஸ்கட்டை இரும்பு அச்சில் சுடுகிறார்கள். அமெரிக்கச் சீன உணவகங்களில் கொடுக்கும் குறிச்சீட்டு பிஸ்கட்டின் மூதாதை இதுதான்.

நெல் தெய்வம் என்கிறீர்கள். வியாபாரிகள் பிடித்துக்கொண்ட பிறகு நெல்லுக்கு அங்கே இன்னும் இடம் இருக்கிறதா? – மன்னார்குடி, விவசாயி

இருக்கிறது ஐயா. எனக்கும் உங்கள் பக்கத்து ஊர்தான்; அதனால் இதைக் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

மூலக்கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வயல் உண்டு. ஏப்ரல் 12 விதைப்பு. ஜூன் 10 நடவு. அன்றைக்குச் சந்நிதியில் பெண்கள் நடவு ஆட்டம் ஆட, வயலில் முழங்கால் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறார்கள். நடுபவர்கள் பின்னுக்கு நகர்ந்து நடும் விதம் அச்சு அசல் நம் நடவேதான். நான் வரப்பில் நின்று கொண்டு, வாய்க்குள் குலவையை அடக்கிக்கொண்டேன். அக்டோபர் 25 அரிவாளால் அறுப்பு. அந்த அரிசிதான் நவம்பர் 23 புத்தரிசிப் படையலுக்கு.

வைக்கோலை என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நவம்பர் 8ஆம் தேதி பின்முற்றத்தில் தீ மூட்டுகிறார்கள். வேண்டுதல் எழுதி நாடு முழுவதிலிருந்தும் வந்த மரக்குச்சிகள் லட்சக்கணக்கில் அதில் எரியும். அந்தத் தீக்கு முதலில் போடுவது வயலில் அறுத்த அந்த வைக்கோல். போன வருஷம் பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துப் போனேன். குச்சிகள் வெடிக்கும் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. குனிந்தேன். "வைக்கோல் வாசனை வருகிறதா?" என்று கேட்டார். வந்தது. அறுப்பு முடிந்த நம் களத்து வாசனையேதான்.